ஹாலில் உருளும் பந்து

எங்கள் வீட்டு ஹாலில் சோபா சுவரோடு ஒட்டி இருக்காது. சுவருக்கும் சோபாவுக்கும் நடுவில் ஓர் ஆள் நடக்கிற அகலத்துக்கு இடம் விட்டு, அதில் வாசல் கதவிலிருந்து அடுப்படி வரைக்கும் நீளமாக ஒரு பச்சைக் கம்பளம் விரித்திருக்கும். வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள் முதலில் அதைப் பற்றித்தான் கேட்பார்கள். சோபாவைத் தள்ளிப் போட்டால் ஹால் பெரிதாகத் தெரியுமே என்பார்கள். அது நான் வேலை பார்க்கிற இடம் என்று சொன்னால் சிரிப்பார்கள். சுங்கை பட்டாணியில், பாக்கார் ஆராங் என்கிற இடத்தில் வரிசை வீடு. பக்கத்து வீட்டில் மிளகாய் வறுத்தால் எங்கள் வீட்டில் தும்மல் வரும். இப்படிப்பட்ட வீட்டில் இருந்துகொண்டு ஒரு பொம்பளை கோல்ஃப் விளையாடிச் சம்பாதிக்கிறாள் என்றால் யார்தான் நம்புவார்கள்? எனக்கே சில நாள் நம்பிக்கை வராது.

நான் தொழில்முறை கோல்ஃப் ஆட்டக்காரி. ஆட்டக்காரியாக இருந்தேன் என்றுதான் எழுத வேண்டும். கை இன்னும் அதற்குப் பழகவில்லை.

பாடாங் செராய்க்கு உள்ளே தள்ளி ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா தோட்ட வேலையை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்த ஒரு கிளப்பில் புல் வெட்டும் வண்டி ஓட்டினார். திங்கட்கிழமை அந்த மைதானத்துக்கு விடுமுறை. உறுப்பினர்கள் வர மாட்டார்கள், வேலைக்காரர்களும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் ஆடிக்கொள்ளலாம். பள்ளிக்கூடம் விட்டதும் சீருடையோடு போய் நிற்பேன். யாரோ வேண்டாமென்று வீசிவிட்டுப் போன, பிடி தேய்ந்த மட்டை ஒன்று எனக்கென்று இருந்தது. மற்ற பிள்ளைகளுக்குச் சீக்கிரம் சலித்துவிட்டது. எனக்குச் சலிக்கவில்லை. அப்புறம் மாநில அணி, தேசியப் பயிற்சி முகாம், கடைசியில் தொழில்முறை. இந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தாலே கேட்கிறவர்கள் கண் கலங்கத் தயாராகிவிடுவார்கள். கலங்க ஒன்றுமில்லை. எனக்கு அது பிடித்திருந்தது, நன்றாகவும் வந்தது, அவ்வளவுதான்.

கோல்ஃப் ஆடுகிறவர்களுக்கு ஒரு கை மட்டும் வெளுத்திருக்கும். வலது கைக்காரர்கள் இடது கையில் உறை மாட்டிக்கொண்டு ஆடுவோம். வருடக் கணக்கில் வெயில் படாமல் அந்தக் கை தனி நிறமாகிவிடும். கல்யாணத்தன்று வளையல் மாட்டிவிட வந்த பெரியம்மா என் இரண்டு கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, ஒரு கை அப்பன் வீடு, ஒரு கை ஆத்தா வீடா என்று கேட்டார். அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். எனக்கு அந்த வெளுத்த கையில் பெருமை உண்டு. அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர்கள் கழுத்தில் அட்டை மாட்டிக்கொள்கிறார்களே, அதுபோல.

கணவருக்குக் கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவில் வேலை. கண்ணைத் தவிர உடம்பு முழுவதையும் மூடிக்கொண்டு உள்ளே போய் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. கோல்ஃப் மட்டையை அவர் ஒருநாளும் பிடித்ததில்லை. ஆனாலும் கல்யாணத்துக்குப் பிறகு வருட விடுப்பு முழுவதையும் எனக்காகத்தான் செலவழித்தார். என் மட்டைப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் நடப்பார். அதாவது என் கேடி. மற்ற கேடிகள் காற்று எந்தப் பக்கம், சரிவு எவ்வளவு என்று ஏதேதோ சொல்வார்கள். இவருக்கு அதெல்லாம் தெரியாது. குழிக்குப் பக்கத்தில், பந்தைத் தரையோடு உருட்டிவிட வேண்டிய நேரம் வரும்போது மட்டும், என் தோளுக்குப் பின்னால் நின்று மெதுவாக, "மூச்ச விடு" என்பார். அப்போதுதான் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது எனக்கே தெரியும். விட்டுவிட்டு அடிப்பேன். பெரும்பாலும் உள்ளே போகும்.

பிள்ளை உண்டானதும் ஒரு பருவம் முழுக்க ஆடவில்லை. வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். கோல்ஃபில் அடியின் வேகம் கையிலிருந்து வருவதில்லை. இடுப்பைத் திருப்புவதிலும் வயிற்றுத் தசையிலும்தான் இருக்கிறது. தையல் ஆறியது, தசை பழையபடி ஆகவில்லை. முன்பு நான் அடித்தால் போய் விழுகிற இடத்துக்கு இப்போது பந்து போவதே இல்லை. கார்டும் போயிற்று. எங்கள் தொழிலில் கார்டு என்றால் அந்த ஆண்டின் போட்டிகளில் கலந்துகொள்வதற்கான உரிமை. அது கையில் இல்லாவிட்டால், யாராவது இரக்கப்பட்டு அழைத்தால்தான் ஆட்டம். முதலில் சிலர் அழைத்தார்கள். போகப் போக, பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று மட்டும் கேட்டார்கள். ஒருநாள் பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போது என் கைகளைக் கவனித்தேன். இரண்டும் ஒரே நிறத்தில் இருந்தன. அன்றைக்கு அடுப்படியில் நின்று நன்றாக அழுதேன்.

கார்டைத் திரும்ப வாங்க ஒரே வழி தகுதிச்சுற்று. வருடத்துக்கு ஒரு தடவை நடக்கும். ஒரு கை பார்த்துவிடுவது என்று நானும் அவரும் பேசி முடிவு செய்தோம். அவர் நிரந்தர இரவு ஷிப்டுக்கு மாறிக்கொண்டார். காலையில் அவர் வந்ததும் பிள்ளையை அவரிடம் விட்டுவிட்டு நான் பயிற்சித் திடலுக்குப் போவேன். அவர் அவளை நெஞ்சில் உட்காரவைத்துத் தொலைக்காட்சியைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். அதைத் தூக்கம் என்று சொல்ல முடியாது. மதியம் நான் வந்த பிறகுதான் அறைக்குள் போய்ப் படுப்பார். என் அம்மா உயிரோடு இல்லை. மாமியார் அலோர் ஸ்டாரில் மூத்த மகன் வீட்டில். ஆக மதியத்துக்கு மேல் ஹாலில் நானும் மகளும் மட்டும். அவர் எழுந்துவிடாமல் அவளையும் பார்த்துக்கொள்ள வேண்டும், பந்து உருட்டியும் பழக வேண்டும்.

கம்பளத்தின் ஒரு கோடியில் எவர்சில்வர் டம்ளரைப் படுக்க வைத்துவிட்டு, மறு கோடியிலிருந்து உருட்டுவேன். முதலில் அவள் கம்பளத்தின் நடுவில் உட்கார்ந்து அழுதாள். அம்மா தன்னைப் பார்க்காமல் பந்தைப் பார்க்கிறாளே என்ற கோபம். அழட்டும் என்று விட்டால் அவர் எழுந்துவிடுவார். ஒருநாள் நான் அடித்த பந்து 'டக்' என்று கிளம்பியதும் ஓடிப்போய், டம்ளருக்கு முன்னால் குந்தி, இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். அதை என்னிடம் கொண்டுவந்து நீட்டி, "நா" என்றாள். மலாய்க்காரர்கள் எதையாவது கொடுக்கும்போது சொல்கிற 'நா'. எங்கே கற்றாளோ. நான் அள்ளி எடுத்து முத்தம் கொடுத்தேன்.

அன்றிலிருந்து அதுவே விளையாட்டு. பந்து டம்ளரில் விழுந்தால் அம்மா ஜெயித்தாள். அதற்குள் பிடித்துவிட்டால் அவள் ஜெயித்தாள், கன்னத்தில் முத்தம். 'டக்' சத்தம் கேட்கும்வரை அசையக் கூடாது என்பது சட்டம். அதையும் சரியாகக் கற்றுக்கொண்டாள். மூச்சுவிடாமல் என் கையையே பார்த்துக்கொண்டு நிற்பாள். சத்தம் கேட்டதும் பாய்வாள். அழுகை இல்லை, அவர் தூக்கம் கெடவில்லை, எனக்கும் பயிற்சி குறையவில்லை. என்ன சாமர்த்தியம் என்று நானே என்னை மெச்சிக்கொண்டேன். கூட ஆடுகிற பெண்களிடமும் பீற்றிக்கொண்டேன். தாயாகவும் ஆட்டக்காரியாகவும் ஒரே நேரத்தில் இருக்க முடியுமா என்று கேட்டவர்களுக்கெல்லாம் என் பதில் அந்தக் கம்பளம்தான்.

அந்த வருடத் தகுதிச்சுற்று எங்கள் மாநிலத்திலேயே, வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய மைதானத்தில் நடந்தது. பிள்ளையை அவர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதால் எனக்குக் கேடி கிடையாது. மட்டைப் பையைச் சக்கர வண்டியில் வைத்து நானே இழுத்துக்கொண்டு நடந்தேன். தூரமாக அடிக்க முடியாததைக் குழிக்குப் பக்கத்தில் ஈடுகட்டினேன். ஹாலில் உருட்டியதெல்லாம் அங்கே பலித்தது. கடைசி நாள் காலையில் அவர் வேலை முடிந்து வந்ததும் பிள்ளையைக் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். வீட்டிலேயே இருங்கள், தூங்குங்கள் என்றுதான் சொன்னேன்.

அவரால் வீட்டில் இருக்க முடியவில்லை. பக்கத்து வீட்டு அண்ணனின் காரை வாங்கிக்கொண்டு, அவளுக்கு மஞ்சள் கவுனைப் போட்டுவிட்டு வந்துவிட்டார். அம்மா கார்டு வாங்குவதை அவள் பார்க்க வேண்டுமாம். கடைசிக் குழிக்கு வந்தபோது அங்கிருந்த மரத்தடியில் இரண்டு பேரையும் பார்த்தேன். இது பெரிய போட்டி இல்லை, கயிறு கட்டித் தடுத்திருக்கவில்லை. ஆட்டக்காரிகளின் பெற்றோர்கள் சிலர் நின்றார்கள், அவர்களோடு இவர்களும். அவர் கண்கள் சிவந்திருந்தன. அவள் அவர் தோளில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் கூப்பிட வாயெடுத்தாள், அவர் உதட்டில் விரல் வைத்துக் காட்ட அடங்கிக்கொண்டாள். எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது. பிள்ளை பெற்ற பிறகு மைதானத்தில் அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வந்ததே இல்லை.

பந்து குழியைச் சுற்றியிருக்கும் குட்டைப் புல்தரையில் கிடந்தது. என் நிலவரம் எனக்குத் தெரியும். அந்த ஓர் அடியில் உள்ளே போனால் கார்டு, போகாவிட்டால் இல்லை. குனிந்து சரிவைப் பார்த்தேன். குழிக்கும் பந்துக்கும் நடுவே எங்கள் ஹாலின் நீளம்தான் இருக்கும். மனதுக்குள் நானே மூச்ச விடு என்று சொல்லிக்கொண்டேன். அடித்தேன்.

டக்.

பந்து நான் மனதில் போட்ட கோட்டிலேயே போயிற்று. விளையாடுகிறவர்களுக்கு அது அடிக்கும்போதே கையில் தெரிந்துவிடும். எனக்குத் தெரிந்தது. நிமிர்ந்து பார்க்கும்போது மஞ்சளாக ஒன்று குறுக்கே ஓடியது. கை மரத்துப்போய் அவர் அவளைக் கீழே இறக்கிவிட்டிருக்கிறார். அதுவரைக்கும் அவள் அசையவே இல்லையாம், மூச்சுவிடாமல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். குழிக்கு ஒரு சாண் முன்னால் குந்தி, உருண்டு வந்த பந்தை இரண்டு கைகளாலும் பிடித்தாள். எழுந்து என்னிடம் ஓடிவந்தாள்.

"நா, அம்மா."

பந்தைக் கொடுத்துவிட்டுக் கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றாள். என்னோடு ஆடிய பெண் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். மகள் கன்னத்தைக் காட்டிக்கொண்டே நின்றாள். நான் குனிந்து முத்தம் கொடுத்தேன். வேறு என்ன செய்வது? அவள் சட்டப்படிதான் ஜெயித்திருந்தாள்.

நடுவர் ஒரு மலாய்க்காரப் பெண்மணி. பக்கத்தில் வந்து, தன் வீட்டு ஆளிடம் சொல்வதுபோலத் தாழ்ந்த குரலில் சொன்னார். உருளும் பந்து ஓர் ஆள் மேல் பட்டுவிட்டது. ஆகவே அந்த அடி கணக்கில் இல்லை. அதே இடத்தில் வைத்துத் திரும்ப அடிக்க வேண்டும். தண்டனை எதுவும் கிடையாது. அது உள்ளே போயிருக்கும் என்றேன். அவர் தலையை ஆட்டினார். எங்கே போயிருக்கும் என்று சட்டம் கேட்பதில்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பிற்பாடு சிலர் எனக்கு அதிர்ஷ்டம் என்றுகூடச் சொன்னார்கள். கோடு தெரிந்த பிறகு இன்னொரு தடவை அடிக்கக் கிடைப்பது யாருக்கு வாய்க்கும் என்றார்கள். அப்படிச் சொன்னவர்களில் ஒருத்தர்கூட அங்கே நின்று அடித்ததில்லை.

கணவர் ஓடிவந்து அவளைத் தூக்கிக்கொண்டு போனார். இறுக்கிப் பிடித்தபடி, மணல்குழியையும் தாண்டி, தூரத்துக்குப் போய்விட்டார். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஜெயித்தவளை ஏன் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்று கத்தி அழுதாள். பந்தை அதே இடத்தில் வைத்தேன். ஆட்டக்காரிக்கு யோசனை சொல்லக் கேடியைத் தவிர யாருக்கும் அனுமதி இல்லை. மூச்ச விடு என்றால் அது யோசனையில் சேருமோ என்னவோ, தன்னால் இன்னும் ஒரு கெடுதல் வந்துவிடக் கூடாது என்று அவர் அந்தப் பக்கம் திரும்பியே நின்றிருக்கிறார். எனக்கு அவள் அழுகை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அடித்தேன். பந்து அதே கோட்டில் போய், குழியின் விளிம்பைத் தொட்டு, அவள் குந்திய இடத்தில் நின்றுவிட்டது.

திரும்பும்போது எங்கள் காரை அவர் ஓட்டினார். அண்ணனின் கார் மைதானத்திலேயே நின்றது, அதைப் பற்றி யாருக்கும் நினைப்பு இல்லை. மகள் பின்சீட்டில் தூங்கிவிட்டாள். இரண்டு பக்கமும் செம்பனை ஓடிக்கொண்டிருந்தது.

"நான் கீழ எறக்கியிருக்கக் கூடாது," என்றார்.

"நாந்தானே சொல்லிக் குடுத்தேன்," என்றேன்.

அதற்கு மேல் இன்றுவரை நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. மற்றவர்கள் பேசினார்கள். கதை எப்படியோ குடும்பத்துக்குள் பரவிவிட்டது. தீபாவளிக்கு வந்தவர்கள் எல்லாருக்கும் அதுதான் முறுக்கோடு சேர்த்து மெல்லக் கிடைத்தது. மாமியார் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு, சரியான நேரத்தில் அம்மாவைப் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள் என்று பெருமையாகச் சொன்னார். அவர் மனதில் வஞ்சம் கிடையாது. நான் வீட்டில் இருப்பது அவருக்கு நல்ல செய்தி, அவ்வளவுதான். சித்தப்பா ஒருவர் அவள் கையில் தீபாவளிப் பணம் போட்ட பச்சை உறையை வைக்கும்போது, பந்தைப் பிடித்த கை இதுதானா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் முதலில் சிரித்தாள். யார் வந்தாலும் இரண்டு கைகளையும் தானே விரித்துக் காட்டினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விருந்தாளிகளை என்ன சொல்வது? அடுப்படிக்குப் போய்ப் பாத்திரத்தைச் சத்தமாகக் கழுவினேன்.

அடுத்த வருடத் தகுதிச்சுற்றில் முதல் கட்டத்தையே தாண்டவில்லை. குழந்தை, அழுகை, மரத்தடி எதுவும் இல்லை. உடம்பில் இல்லாததற்கு யார் மேலும் பழி போட முடியாது. இந்த வருடம் நான் விண்ணப்பமே போடவில்லை. சுங்கை பட்டாணியில் ஒரு பயிற்சித் திடலில் சொல்லிக்கொடுக்கிறேன். கூலிமிலிருந்து இன்ஜினியர்கள் வருகிறார்கள், பெரிய அதிகாரிகளோடு ஆட வேண்டியிருக்கிறதாம். இடுப்பைத் திருப்புங்கள், தலையைத் தூக்காதீர்கள், மூச்சை விடுங்கள் என்கிறேன். டீச்சர் எங்கே ஆடியிருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். அங்கே இங்கே என்பேன். நிழலில் நின்று சொல்லிக்கொடுக்கும் வேலை, உறை போட வேண்டியதில்லை. கணவர் இன்னும் இரவு ஷிப்டில்தான் இருக்கிறார். எதற்காக மாறினாரோ அது போய்விட்டது, ஷிப்ட் மட்டும் நிலைத்துவிட்டது. பகல் ஷிப்டுக்குத் திரும்பக் கேட்டிருக்கிறார், இடம் இல்லை என்கிறார்கள்.

மகள் பாலர் பள்ளிக்குப் போகிறாள். இப்போது யாராவது பந்துக் கதையை எடுத்தால் சிரிப்பதில்லை, கைகளைக் காட்டுவதுமில்லை. ஒருநாள் காரில் வரும்போது, தான் பந்தை எடுத்ததால்தான் அம்மா தோற்றாளா என்று கேட்டாள். இல்லவே இல்லை, அம்மா இரண்டாவது தடவை சரியாக அடிக்கவில்லை என்றேன். அது உண்மைதான். ஆனால் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது, அதை அவள் கவனித்துவிட்டாள்.

போன வாரம் ஒரு மதியம். வெளியே மழை, உள்ளே அவர் தூங்கிக்கொண்டிருந்தார். அவளுக்குப் பொழுது போகவில்லை. எனக்கு ஏதோ தோன்றி டம்ளரை எடுத்துக் கம்பளத்தின் கோடியில் படுக்க வைத்தேன். வா, பந்து விளையாடலாம் என்றேன். வெகுநாள் கழித்துக் கூப்பிட்டதால் உடனே வந்தாள். டம்ளருக்குப் பக்கத்தில் போய் நின்றாள். நின்றதும் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டிக்கொண்டாள்.

உருட்டினேன். பந்து அவள் காலை ஒட்டிப் போய் டம்ளருக்குள் விழுந்து கணீரென்றது. அவள் அசையவில்லை.

"ஏம்மா புடிக்கல?"

"புடிக்க மாட்டேன். நீ ஜெயிச்சுக்கோம்மா."

கைகளை முன்னால் எடுக்கச் சொல்லிக் கெஞ்சினேன். இது வீட்டு விளையாட்டுதான், பிடித்தால் முத்தம் உண்டு என்றேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். இன்னும் ஒன்று உருட்டினேன், அப்புறம் இன்னும் ஒன்று. மைதானத்தில் விழாதவை அன்றைக்கு ஒன்று விடாமல் டம்ளருக்குள் விழுந்தன. ஒவ்வொன்றுக்கும் அவள் என் முகத்தைப் பார்த்து, உள்ள போயிடுச்சும்மா என்று எனக்கு நல்ல சேதி சொல்வதுபோலச் சொன்னாள். கட்டிய கைகளை மட்டும் அவிழ்க்கவில்லை. ஒவ்வொரு தடவையும் நானே நடந்துபோய், அவள் பக்கத்தில் குனிந்து, பந்தை எடுத்துக்கொண்டு வந்தேன்.